டோனிக்கு யார் வாரிசு?

1635ஆம் ஆண்டு. வட அமெரிக்காவில் இங்கிலீஷ்காரர்கள் பிடித்து வைத்திருந்த வர்ஜீனியா காலனி. ஜார்ஜ் மெனிஃபி என்கிற வியாபாரிக்கு 1,200 ஏக்கர் நிலம் பட்டா ஆகிறது. தன் செலவில் 24 ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கினான் என்பதற்காகக் கிடைத்த நிலம் அது. தலைக்கு 50 ஏக்கர் என்பது அன்றைய கணக்கு. அந்த 24 பேர் பட்டியலில் ஒரு பெயர் டோனி. பக்கத்திலேயே 'கிழக்கிந்தியன்' என்று ஒரு சொல். அவ்வளவுதான். அப்பன் பேர் கிடையாது, ஊர் கிடையாது, வயது கிடையாது, என்ன பாஷை பேசினான் என்பதும் கிடையாது. இந்தியாவிலிருந்து போன ஒருவரைப் பற்றி அமெரிக்கக் காலனி ஆவணங்களில் தெரியவந்திருக்கிற மிகப் பழைய குறிப்பு இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

நம் திருவண்ணாமலையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் இந்த டோனியை 'அமெரிக்காவின் முதல் தமிழன்' என்று அறிவித்தார். அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டோனி தமிழனா என்று யாருக்கும் தெரியாது. கோரமண்டல் கரையில் இங்கிலீஷ்காரர்கள் மசூலிப்பட்டினத்தில் 1611இலேயே கடை போட்டுவிட்டார்கள். 1626இல் ஆர்மகானில் ஒரு கிடங்கு வைத்தார்கள். சென்னையில் இடம் வாங்கியதே 1639இல்தான். ஆகவே டோனி தெலுங்கனாக இருக்கலாம், சூரத்துப் பக்கத்து ஆளாக இருக்கலாம், வங்காளியாகவும் இருக்கலாம். பிருந்தா சாரி 2023இல் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஒரு இங்கிலீஷ் நாவலே எழுதினார். அதில் டோனி கோரமண்டல் கரையில் பிறந்த தமிழ்ச் சிறுவன். ஆணழகனோ அரசகுமாரனோ இல்லை, ஒரு தாசியின் மகன். நாவலாசிரியருக்கு அப்படிக் கற்பித்துக்கொள்ள உரிமை உண்டு. அவர் அதை நாவல் என்றுதான் விற்கிறார். மேடையில் நின்று வரலாறு பேசுகிறவருக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது?

டோனி தமிழனா இல்லையா என்கிற வழக்கை இத்தோடு விட்டுவிடலாம். அதைவிட முக்கியமான விசயம் அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது. டோனியின் பெயரை யாரோ எழுதினார்கள். ஏன் எழுதினார்கள்? அந்தப் பெயரை எழுதினால் 50 ஏக்கர் கிடைக்கும் என்பதால் எழுதினார்கள். நிலம் டோனிக்கு இல்லை, கொண்டுவந்தவனுக்கு. டோனி என்கிற மனிதன் காகிதத்தில் ஏறியது ஒரு நில ரசீதாக. 24 பெயர்கள், பெருக்கல் 50, ஆக மொத்தம் 1,200. சரிபார்த்துக்கொள்ளலாம், கணக்கு சுத்தமாக இருக்கிறது. மூதாதையைத் தேடிப் போகிற எவரும் ஆவணத்தைக் கையில் எடுத்ததும் 'இவர் யார்?' என்று கேட்கிறார்கள். நான் அதற்கு முன்னால் வேறு ஒன்று கேட்கச் சொல்கிறேன். இந்தப் பெயரை எழுதி வைத்ததால் யாருக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியோடு போனால் வர்ஜீனியாவிலும் வழி தெரியும், நம்ம ஊர் தாலுக்கா ஆபீசிலும் வழி தெரியும்.

முதலில் வர்ஜீனியா. டோனியைப் போலப் போனவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? 1662இல் அந்தக் காலனி ஒரு சட்டம் போட்டது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. முதலாளியே தகப்பன் என்றாலும் பிள்ளை அவனுக்குச் சொத்துதான் என்பது இதன் பச்சை அர்த்தம். 1682இல் இன்னொரு சட்டம். கிறிஸ்தவ நாடு அல்லாத இடத்திலிருந்து கொண்டுவரப்படுகிற நீக்ரோக்கள், மூர்கள், முலாட்டோக்கள், இந்தியர்கள் எல்லாம் அடிமைகளே என்று அது விரித்தது. கடலுக்கு இந்தப் பக்கத்து இந்தியனையும் அந்த மண்ணின் பூர்வகுடியையும் ஒரே சொல்லால் எழுதிப்போட்ட காலம் அது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று கோர்ட்டுக்குப் போன கிழக்கிந்தியர்கள் இருந்தார்கள். லான்காஸ்டர் கவுண்டியில் வீவர் என்று பெயர் கொண்ட ஒரு குடும்பம் அப்படிக் கிழக்கிந்திய வேலையாட்களிலிருந்து தொடங்கியதை, வர்ஜீனியாவின் சுதந்திரக் கறுப்பர் குடும்பங்களின் வரலாற்றைத் தொகுத்த பால் ஹெய்னெக் காட்டுகிறார். வீவர் என்றால் நெசவாளி. உடனே நம் ஆட்கள் காஞ்சிபுரத்துத் தறியோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். போடக்கூடாது. முதலாளி வைத்த பெயராகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டானின் பெயராகவும் இருக்கலாம்.

1776 ஜூலையில் வர்ஜீனியா கெசட் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வருகிறது. ஜான் நியூட்டன் என்கிற வேலைக்காரன் ஓடிப்போய்விட்டான், பிறப்பால் ஆசிய இந்தியன், வயது 20 இருக்கும், மெலிந்த உடம்பு. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்கா உலகத்துக்கு அறிவித்த அதே ஜூலை மாதம்தான். இப்படிப்பட்ட விளம்பரங்களில் மட்டும்தான் அந்த மனிதர்களின் முகமும் உயரமும் நமக்குக் கிடைக்கின்றன. ஓடினவனைப் பற்றித்தான் அடையாளம் எழுதுவார்கள். ஓடாமல் செத்தவனுக்கு முகமே இல்லை.

இவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் கறுப்பர்களோடு வாழ்ந்தார்கள், கறுப்பர்களை மணந்தார்கள், அடுத்தடுத்த பதிவுகளில் முலாட்டோ என்றும் நீக்ரோ என்றும் ஆனார்கள். அதற்கப்புறம் தடம் பிடிப்பது பெரும்பாடு. 1850லும் 1860லும் அமெரிக்கக் குடிமதிப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். கீழே ஆணா பெண்ணா, வயது என்ன, நிறம் என்ன என்று மட்டும் இருக்கும். அடிமையின் பெயர் இருக்காது. விடுதலைக்குப் பிறகு 1870இல் எடுத்த கணக்கில்தான் லட்சக்கணக்கான கறுப்பர்கள் முதல்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். இன்றைக்கும் கறுப்பர் குடும்பங்களில் மூதாதையைத் தேடுகிறவர்கள் 1870 வரைக்கும் போய் அங்கே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதே நாட்டில் 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளையரின் வாரிசுகளுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சான்று காட்டினால் அதில் சேர்த்துக்கொள்வார்கள். சான்று அவர்களிடம் இருக்கும். சர்ச் ஏடும் உயிலும் பட்டாவும் அவர்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தவை.

ஆக, டோனிக்குச் சொந்தக்காரன் என்று இன்று யாரையாவது அமெரிக்காவில் தேட வேண்டுமென்றால் ஏதோ ஒரு கறுப்பர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியபிறகு விமானத்தில் போன டாக்டர், இஞ்சினியர் வீட்டுக் கதவை அல்ல. கைதட்டிய நண்பர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போக விரும்பமாட்டார்கள். முதல் தமிழன் வேண்டும், ஆனால் அவன் பேரப்பிள்ளைகள் கறுப்பர்களாக இருந்தால் கொஞ்சம் சங்கடம்.

இந்தச் சங்கடம் புதுசில்லை. பகத் சிங் திண்ட் என்பவர் அமெரிக்கக் குடியுரிமை கேட்டு உச்சநீதிமன்றம் வரை போன வழக்கு 1923இல் தீர்ப்பானது. அன்றைய சட்டப்படி ஆசியர்களில் 'வெள்ளையர்' என்று நிரூபிப்பவருக்கே குடியுரிமை. திண்ட் தரப்பு என்ன வாதம் வைத்தது தெரியுமா? நான் உயர்சாதி ஆரியன், இந்தியாவின் பூர்வகுடிகளோடு எங்கள் ஆட்கள் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதில்லை, அமெரிக்க வெள்ளையன் நீக்ரோவை எப்படிப் பார்க்கிறானோ அப்படித்தான் நாங்களும் அவர்களைப் பார்க்கிறோம். நம்மைத் தொடாமல் இருந்ததையே ஒரு தகுதிச் சான்றிதழாக எடுத்துப்போய் வாஷிங்டனில் நீட்டியிருக்கிறார்கள். கோர்ட் அதை ஏற்கவில்லை. சாதி தப்பு என்று சொல்லி அல்ல, சாதாரண அமெரிக்கன் கண்ணுக்கு நீ வெள்ளையனாகத் தெரியவில்லை என்று சொல்லி. நூறு வருசம் கழித்து, 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர சபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதுபோன்ற மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். வம்சம் அமெரிக்காவுக்குப் போனபோது கூடவே என்னென்ன போயிற்று என்பதற்கு இதைவிடப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். வம்சம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளத் திருவண்ணாமலையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப் போகிறார். எதற்கு? திதி கொடுக்க. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லையாம், அதனால் சாமியே பிள்ளையாகி வருசா வருசம் காரியம் செய்கிறார். 14ஆம் நூற்றாண்டில் செத்துப்போன ஒரு ராஜாவுக்கு! ஒய்சள ராஜா மூன்றாம் வல்லாளன் பெயரில் கோபுரம் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, கதைப்படி வாரிசு மட்டும் இல்லை. உடனே தெய்வம் அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறது. பிள்ளையில்லாத ராஜாவுக்குத் தெய்வமே பிள்ளை. எங்கள் தெருவில் பிள்ளையோடு செத்தவர்களுக்கே மூன்று தலைமுறைக்கு மேல் பேர் சொல்ல ஆள் இல்லை.

இந்தக் கோயில் கல்வெட்டுகளைத் தொகுத்துப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் புத்தகம் போட்டிருக்கிறது. எம்.ஏ. படிக்கும்போது கல்வெட்டு எங்களுக்கு ஒரு பாடம். நிலம் கொடுத்தவன் பெயர், விளக்கு வைத்தவன் பெயர், ஆடு கொடுத்தவன் பெயர் என்று வாத்தியார் வரிசையாக வாசித்துக்கொண்டு போவார். கொடுத்தவனுக்குப் பெயர் இருக்கும். அந்த நிலத்தில் இறங்கி உழுதவன் எந்தக் கல்லிலும் வரமாட்டான். வந்தால் எல்லையாக வருவான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டில் வரி நீக்கிய இடங்களைச் சொல்லும்போது பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. சுடுகாடு, வாய்க்கால், குளம் வரிசையில் நாமும் ஒரு நில அளவை. அதே ராஜராஜன் கோயிலுக்கென்று ஊர் ஊராகக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும் ஊரையும் வீட்டு இலக்கத்தையும் ஒன்றுவிடாமல் வெட்டிவைத்திருக்கிறான். அங்கே ஏன் பெயர் வந்தது? அவர்களைக் கோயிலுக்குச் சேர்த்துக் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. டோனியின் கதையேதான். கல்லோ காகிதமோ, எழுதுகிறவனுக்குத் தேவைப்பட்டால் நம் பெயர் வரும்.

இப்போது 'ஏழு தலைமுறைகள்' பற்றிப் பேச வேண்டும். அலெக்ஸ் ஹேலி 1976இல் எழுதிய 'ரூட்ஸ்' நாவலை ஏ.ஜி. எத்திராஜுலு தமிழில் தந்த சுருக்கம் அது. என் தலைமுறை இயக்கத் தோழர்கள் அதைப் படித்துவிட்டு அழாதவர்கள் குறைவு. நானும் அழுதேன். குண்ட்டா கிண்ட்டே சங்கிலியோடு அட்லாண்டிக்கைக் கடக்கிற பக்கங்களைப் படிக்கும்போது கொத்தடிமையாக இருந்த எங்க தாத்தாவின் கால் ஞாபகம் வந்தது. அந்தப் புத்தகத்துக்கு நாம் பட்டிருக்கிற கடன் பெரியது. அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் கதையை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தது 1977இல் அதனால்தான் நடந்தது. ஆனால் விமர்சனம் இல்லாமல் அதைத் தூக்கிவைத்துக் கும்பிட நான் தயாரில்லை.

ஹேலி என்ன செய்தார்? தன் பாட்டிகள் வீட்டுத் திண்ணையில் சொல்லக் கேட்ட சில ஆப்பிரிக்கச் சொற்களைப் பிடித்துக்கொண்டு காம்பியா நாட்டின் ஜுஃபுரே கிராமம் வரை போனார். அங்கே வம்சக் கதை சொல்லும் ஒரு பாணர் கிண்ட்டே குலத்தின் வரலாற்றைச் சொல்லி, காட்டுக்கு மரம் வெட்டப்போன குண்ட்டா திரும்பவில்லை என்றார். ஹேலி அதை 1767 செப்டம்பர் 29இல் அன்னபோலிஸ் துறைமுகத்துக்கு வந்த லார்ட் லிகோனியர் கப்பலோடு பொருத்தினார். பிறகு ஆராய்ச்சியாளர்கள் ஆவணங்களைத் தோண்டியபோது, வாலர் குடும்பத்தில் டோபி என்கிற அடிமை 1767க்கு முன்பே இருந்தது தெரிந்தது. அதாவது கப்பல் வருவதற்கு முன்னாலேயே டோபி வந்துவிட்டான். வேறொருவர் நாவலிலிருந்து பத்திகளை எடுத்ததற்காக 1978இல் ஹேலி பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார் என்பதும் தெரிந்த கதை.

தேதி பிசகியதைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தியா, எல்லாம் பொய்' என்று கொக்கரித்த வெள்ளைப் பத்திரிகைகளோடு சேர்ந்து நான் பாடமாட்டேன். 1850இல் அடிமையின் பெயரை எழுதாமல் விட்டவனின் வாரிசு, 1976இல் வந்து ஆதாரம் எங்கே என்று கேட்பது அயோக்கியத்தனம். என் பிரச்சினை வேறு. ஹேலிக்கு ஏன் ஒரு கௌரவமான மூதாதை தேவைப்பட்டார்? குண்ட்டா நல்ல குலத்தில் பிறந்தவன், புனிதரின் பேரன், மதக்கல்வி பெற்றவன். அவனுக்கு அடிமைத்தனம் நேர்ந்தது அநியாயம் என்று வாசகர் உணர்வதற்கு இதெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் குலமில்லாத, படிப்பில்லாத, ஆப்பிரிக்காவிலும் அடிமையாகவே இருந்த ஒருத்தன் அதே கப்பலில் இருந்திருந்தால்? அவனைச் சங்கிலியில் கட்டியது கொஞ்சம் குறைவான அநியாயமா?

இன்னொன்று. அந்த ஏழு தலைமுறையை எண்ணிப் பாருங்கள். குண்ட்டா, அவன் மகள் கிஸ்ஸி, அவள் மகன் ஜார்ஜ், அவன் மகன் டாம், அவன் மகள் சிந்தியா, அவள் மகள் பெர்த்தா, அவள் மகன் அலெக்ஸ். நடுவில் மூன்று பெண்கள். கதையைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தது திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவிகள். ஆனால் புத்தகத்தின் வேர் குண்ட்டா என்கிற ஆண்தான். ஜார்ஜின் தகப்பன், கிஸ்ஸியைப் பலாத்காரம் செய்த வெள்ளை முதலாளி. அவனும் ஹேலிக்கு மூதாதைதான். அந்த வேரைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ யாரும் யாத்திரை போவதில்லை. எந்த மூதாதையை எடுத்துக்கொள்கிறோம், எவனை விட்டுவிடுகிறோம் என்பது ரத்தத்தின் வேலை இல்லை, அரசியல்.

இதை நான் அமெரிக்காவுக்காகச் சொல்லவில்லை. இங்கே நம் இளைஞர்கள் மத்தியில் 'நாங்களும் ஆண்ட பரம்பரைதான்' என்று பேனர் வைக்கிற பழக்கம் வந்திருக்கிறது. ஆதிக்கசாதிக்காரன் வைத்தான், அதனால் நாமும் வைக்கிறோம். கோபம் புரிகிறது. ஆனால் ஆண்டவன் என்றால் ஆளப்பட்டவன் ஒருத்தன் இருந்தாக வேண்டும். அவன் யாராம்? அயோத்திதாசர் நம்மைப் பூர்வ பௌத்தர் என்று சொன்னதை இந்தப் பேனரோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது சரியான வாசிப்பு ஆகாது. 1881 குடிமதிப்பின்போதே நம்மைச் சாதிப்பெயரில் எழுதாமல் ஆதித்தமிழர் என்று பதிய வேண்டும் என்று அவர் கோரியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். 1907இல் தொடங்கிய தமிழன் பத்திரிகையில் அவர் எழுதியதெல்லாம் ஒரு அறத்தின் தொடர்ச்சியைப் பற்றி. ராஜா யார், மந்திரி யார் என்று அவர் வம்சாவளி போடவில்லை. மற்றவன் வைத்திருந்த பதிவேட்டில் கலத்தின் தலைப்பையே மாற்று என்று சண்டை போட்டார்.

பதிவேட்டுக் கலம் என்றதும் நெட்டால் ஞாபகம் வருகிறது. 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேரைக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். கப்பலுக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. டோனிக்கு ஒரு சொல் கிடைத்தது, இவர்களுக்குப் பத்துக் கலம் கிடைத்திருக்கிறது. ஆள் ஓடினால் பிடிக்க வேண்டுமே. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் தேடி வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: திருவண்ணாமலை தாலுக்கா 1911 வரை தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது, பிறகு வடாற்காட்டுக்குப் போனது, 1989இல் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆனது. 'தென்னாற்காடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கடலூரில் போய் அலையாதீர்கள்.

அந்தச் சாதிக் கலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிப்போவில் மேசைக்கு எதிரே நின்றபோது சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. வம்சம் தேடுகிறவர்கள் இதனால் குழப்பம் என்று நொந்துகொள்கிறார்கள். எனக்கோ, அந்த முழுப் பதிவேட்டிலும் நம் ஆள் தன் வாயால் எழுதவைத்த ஒரே இடம் அதுதான் என்று படுகிறது. மற்ற ஒன்பது கலத்தையும் அவர்கள் அளந்து எழுதினார்கள்.

அமெரிக்கக் கண்டத்தின் பக்கம் கரீபியன் தீவுகளுக்கும் நம் சனங்கள் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக 1853இல் மார்த்தினிக், 1854இல் குவாதலூப். இரண்டுக்கும் முதலில் போனது ஒரே கப்பல்தான், ஒரேலி. அங்கே பாஷை தேய்ந்துவிட்டது, பெயர்கள் பிரெஞ்சாகிவிட்டன. ஆனால் மால்தெவிலின் என்று ஒரு சாமியை இன்றும் கும்பிடுகிறார்கள். யாரென்று பார்த்தால் நம்ம மதுரைவீரன். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த வீரன். இங்கே கதைப்பாடல் அவனைக் காசி ராஜா மகனாகப் பிறக்கவைத்து, பிறகு சக்கிலியர் கையில் கொடுக்கிறது. அந்தக் காசி ராஜா பிற்பாடு ஒட்டப்பட்டவர் என்று அருந்ததியர் தோழர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். வீரம் இருந்தால் பிறப்பு ராஜ வீட்டில்தான் இருக்க வேண்டும் என்கிற அதே ஹேலி நோய். ஒருவனை உயர்த்துவதற்காக அவனைப் பெற்றவளையே மாற்றிவிடுகிறார்கள்.

கடைசியாக நிலம். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமர்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது, பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் பஞ்சமர் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது என்று நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. அது எங்கே போயிற்று என்று கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். மூதாதையின் பெயர் தெரிவது நமக்குப் பொழுதுபோக்கு இல்லை என்று நான் சொல்வதன் பொருள் இதுதான். ஒப்படைப்புப் பெற்றவர் இன்னார், அவர் மகன் இன்னார், அவர் பேத்தி நான் என்று கோர்வையாகக் காட்டவில்லை என்றால் வழக்கு நிற்காது.

கோர்வை எங்கே இருக்கிறது? பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் இருக்கும், 'அ' பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் இருக்கும். 1979இல் தொடங்கிய நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல கிராமங்களில் அந்தக் குறிப்பு அடுத்த ஏட்டுக்கு ஏறவில்லை. அதனால் இப்போதைய நகல் போதாது, பழைய படியைக் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனுப் போடலாம். போகும்போது கவனிக்க ஒன்று உண்டு. நம் பெரியவர்களுக்கு இரண்டு மூன்று பேர். எங்க ஆயாவுக்கு ரேஷன் கார்டில் ஒரு பேர், வோட்டர் லிஸ்டில் ஒரு பேர், ஊர்க்காரன் கூப்பிட்டது இன்னொரு பேர். 'ர்' போட்டு மரியாதையாக எழுத மனசு வராதவன் எழுதிய ஏட்டில் முனுசாமி முனியனாக இருப்பான், கோவிந்தம்மாள் கோயிந்தியாக இருப்பாள். கூப்பிட்ட பேர், எழுதிய பேர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பொம்பளைங்க வழியையும் எழுதுங்கள். எழவு வீட்டில் எங்க ஆயா ஒப்பாரி வைத்தபோதுதான் என் பூட்டனுக்கு ரெண்டு தங்கச்சிகள் இருந்ததே எனக்குத் தெரிந்தது. எந்த ஏட்டிலும் அவர்கள் இல்லை.

அந்தப் பூட்டன் உழுததாக ஆயா சொன்ன நிலம் எங்கள் தெருவுக்குக் கிழக்கே இருக்கிறது. பட்டா ஊர்த்தெருக்காரர் ஒருவர் பெயரில். ஆனால் ஊர்த்தெருவிலும் சரி, எங்கள் தெருவிலும் சரி, மாடு எங்கே மேயுது என்று கேட்டால் இன்றைக்கும் எங்கள் பூட்டன் பெயரைச் சொல்லி அவன் கொல்லையில் என்றுதான் சொல்கிறார்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தேன். பழைய பதிவேட்டின் படி கேட்டு மனுப் போட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.